வியாழன் கடைசிப் பாடவேளைக்குச் சொந்தக்காரர்

முப்பத்தொரு ஆண்டுகள் மூன்று மாடிப் படிகளையும் முகம் சுளிக்காமல் ஏறி இறங்கிய முத்தே! மணி அடிக்கும் முன்னே வந்து, மணி அடித்த பின்னும் மனம் வராமல் நின்ற மாண்பே! கடலையும் காற்றையும் கண்டங்களையும் கரும்பலகைக்குள் கொண்டுவந்து காட்டிய புவியியல் புலமையே! அட்டவணை என்றால் அவர், அவர் என்றால் அட்டவணை என்று எண்ணூறு மாணவரும் இருபத்தேழு ஆசிரியரும் ஏற்றுக்கொண்ட எங்கள் மூத்த சகோதரியே! பணி நிறைவு பெறும் உங்களுக்கு, உடன் பணியாற்றும் பேறு பெற்ற நாங்கள் உள்ளம் குளிர்ந்து சொல்லும் வணக்கம்!

இத்தோடு இந்த நடையை நிறுத்திக்கொள்கிறோம். ஆசையில்லாமல் அல்ல, இன்னும் இரண்டு பக்கம் இப்படியே எழுதிக் கையில் வைத்திருக்கிறோம். போன வாரம் விழாக் குழுவினர் அவரைப் பார்க்கப் போனபோது அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இதோ பாருங்க, என்னை மேடையில உக்கார வச்சு, மூஞ்சிக்கு நேரா 'நீவிர், உமது'ன்னு ஆரம்பிச்சீங்கன்னா, நான் பாட்டுக்கு எழுந்து பஸ் ஏறிப் போயிட்டே இருப்பேன். வேணும்னா வேற யாரையோ பத்திப் பேசுற மாதிரி பேசுங்க. கேட்டுக்கிட்டு இருக்கேன்."

போகக் கூடியவர்தான். ஆகவே, அவையோரே, இது வேறு யாரோ ஒருவரைப் பற்றிய மடல். அவருக்கு 'அட்டவணை டீச்சர்' என்று பெயர். மேடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அவருக்கும் மூக்குக் கண்ணாடி முதல் முறைப்பு வரை எல்லாம் ஒத்துப்போனால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல.

நம் பள்ளி நகரத்துக்குள்ளும் இல்லை, நகரத்தை விட்டு விலகியும் இல்லை. பேருந்து கடைசியாக நின்று, மூச்சு வாங்கி, திரும்பிப் போகும் இடத்தில், ஒரு பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பும் மறுபக்கம் சைக்கிள் கடையும் சலூனும் தையல் கடையுமாக இருக்கும் தெருவில் நிற்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளே நம் பிள்ளைகள். இருபது பிரிவுகள், நாளுக்கு ஏழு பாடவேளை, வாரத்துக்கு ஐந்து நாள். பெருக்கினால் எழுநூறு. அந்த எழுநூறு கட்டங்களில் எந்த ஆசிரியர் எந்த அறையில் எந்த நேரத்தில் நிற்க வேண்டும் என்பதை ஆண்டுதோறும் முடிவு செய்தவர் அட்டவணை டீச்சர்.

அதை அவர் செய்யும் முறையே தனி. ஆசிரியருக்கு ஒரு வண்ணமாகத் தாளை வாங்கி, விரல் நக அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டி, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெரிய அட்டையை விரித்து, கோடை விடுமுறையின் கடைசிப் பத்து நாளும் அடுக்குவார். துண்டுகள் எல்லாம் அவரவர் இடத்தில் உட்கார்ந்த பிறகே பசை தடவுவார். அதுவரை அந்த வீட்டில் மின்விசிறி சுழலக் கூடாது. வெயில் கொளுத்தும் பத்து நாள்! கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவருடைய கணவர் அந்தப் பத்து நாளும் கடையிலேயே சாப்பிட்டுக் கடையிலேயே உட்கார்ந்திருப்பார். "கல்யாணம் ஆன புதுசுல இவ என்னைத் துரத்தத்தான் இப்படிப் பண்றான்னு நினைச்சேன்" என்று அவர் இன்று காலையில்கூட எங்களிடம் சொன்னார். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், மறுக்கட்டும் பார்க்கலாம்.

பணியில் சேர்ந்த நான்காம் ஆண்டில் இந்த வேலை அவர் கைக்கு வந்தது. முதல் எட்டு ஆண்டுகள் அந்த அட்டவணையில் ஒரு பிழை வந்ததில்லை. ஒரே ஆசிரியரை இரண்டு அறைகளில் நிற்க வைத்ததில்லை. ஒரே அறையில் இரண்டு ஆசிரியரை முட்டிக்கொள்ள வைத்ததும் இல்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு. இருக்காதா பின்னே? யாராவது வந்து "டீச்சர், எனக்கு செவ்வாய்க்கிழமை..." என்று ஆரம்பித்தால், "...மூணாவது பீரியட்டும் நாலாவது பீரியட்டும் சேர்ந்து வருது, மாத்த முடியாது, போங்க" என்று அவரே முடித்துவிடுவார். எதிரில் நிற்பவர் வாக்கியத்தைப் பாதியில் பிடுங்கி முடித்து வைப்பது அவருடைய பழக்கம். நேரம் மிச்சமாகிறதாம்.

ஒன்பதாம் ஆண்டில்தான் வந்தது வினை. இது நடந்து இன்றோடு பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன.

அந்தக் கோடையின் ஏழாம் நாள், தெருவில் விளையாடிவிட்டு வேர்த்து விறுவிறுத்து வந்த மகள், மறந்துபோய் விசிறியைத் தட்டிவிட்டாள். இரண்டே நொடி. எழுநூறு துண்டுகளும் எழுந்து வீடெங்கும் ஆடின! அம்மா அலற, மகள் அழ, அப்பா கடையை விட்டு ஓடிவர, மூவரும் நாற்காலிக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் தவழ்ந்து பொறுக்கினார்கள். எண்ணிப் பார்த்தார் டீச்சர்: அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது. மறுபடி எண்ணினார்: எழுநூறு. அப்பாடா என்று பெருமூச்சு விட்டு அடுக்கத் தொடங்கினார். அவர் வாழ்க்கையில் ஒருமுறைதான் தப்பாக எண்ணினார். அது அந்த இரண்டாவது எண்ணிக்கை.

தொலைந்தது ஓர் ஆரஞ்சுத் துண்டு. ஒன்பதாம் வகுப்பு ஈ பிரிவு, வியாழக்கிழமை கடைசிப் பாடவேளை, அறிவியல். எழுநூறு கட்டங்களுக்கு நடுவே அந்த ஒரு வெற்றுக் கட்டம் யார் கண்ணிலும் படவில்லை.

பள்ளி திறந்தது. ஒட்டிய அட்டையைப் பார்த்து அவரவர் தங்கள் நேரத்தைக் குறித்துக்கொண்டார்கள். அறிவியல் ஆசிரியரும் குறித்துக்கொண்டார். இவர் எப்போதும் "எனக்குத்தான் பாடவேளை அதிகம், எனக்குத்தான் பாடவேளை அதிகம்" என்று புலம்பியே காலம் தள்ளியவர். வியாழன் கடைசியில் தமக்கு வகுப்பில்லை என்று கண்டதும், நம் புலம்பலுக்கும் ஒருநாள் பலன் கிடைத்துவிட்டது என்று பூரித்துப்போனார். அன்று முதல் வியாழன் தோறும் டீச்சருக்குத் தம் செலவில் தேநீர் வாங்கித் தந்தார். டீச்சரோ, மனுஷன் வயதாக வயதாகத் திருந்துகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக் குடித்தார். அந்த அறிவியல் ஆசிரியர் யார் என்று கழுத்தைத் திருப்பித் தேட வேண்டாம். இந்த மடலை எழுதி, இப்போது உங்கள் முன் நின்று வாசித்துக்கொண்டிருப்பவர்தான் அவர்.

சரி, ஆசிரியர் போகவில்லை. பிள்ளைகள் வந்து சொல்ல வேண்டாமா? நாற்பது பேர்! ஒருவர்கூட மூச்சு விடவில்லை. கிடைத்த சுதந்திரத்தைக் கொண்டுபோய் அலுவலகத்தில் ஒப்படைக்க அவர்கள் என்ன அசடுகளா?

அந்த வகுப்புத் தலைவிக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர். வாய் ஓயாது. ஆனால் யோசனையும் ஓயாது. சத்தம் போட்டால் மாட்டிக்கொள்வோம், சும்மா உட்கார்ந்தாலும் வராந்தாவில் போகிறவர் கண்ணில் படும் என்று கணக்குப் போட்டு ஓர் ஏற்பாடு செய்தாள். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி வாரம் ஒருவர் கரும்பலகைக்கு முன் நிற்க வேண்டும். தனக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றை மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். பாடப் புத்தகத்தில் இருப்பது மட்டும் கூடாது. இதில் வேடிக்கை என்னவென்றால், வகுப்புப் பதிவேட்டையும் அவள் ஒழுங்காக நிரப்பினாள். என்ன பாடம், யார் நடத்தியது, என்ன குறிப்பு என்று ஒவ்வொரு பத்தியிலும் உள்ளதை உள்ளபடி எழுதினாள். வெள்ளிக்கிழமை தோறும் இருபது பதிவேடுகள் தலைமையாசிரியர் மேசைக்குப் போகும். அன்றைய தலைமையாசிரியர் நல்ல மனிதர். ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் பேனா. பக்கத்தைத் திருப்புவார், கையெழுத்துப் போடுவார். படித்தால்தானே!

ஏழாவது வியாழக்கிழமை, டீச்சர் ஏதோ வேலையாக இரண்டாம் மாடிக்குப் போனவர் ஒன்பது ஈ அறையைக் கடந்தார். உள்ளே அப்படி ஓர் அமைதி. அட, இந்த வகுப்பா என்று எட்டிப் பார்த்தார். சைக்கிள் கடைக்காரர் மகன், ஒரு ரப்பர்க் குழாயைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். நாற்பது தலையும் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆசிரியர் நாற்காலி காலி.

"சார் எங்க?"

"இப்பதான் டீச்சர்..." என்று ரேடியோ எழுந்தாள்.

"...வெளியில போனாரா? சரி சரி, சத்தம் போடாம இருங்க" என்று வழக்கம்போல் அவளுடைய பொய்யையும் டீச்சரே முடித்து வைத்துவிட்டுக் கீழே வந்தார்.

ஆசிரியர் அறையில் அறிவியல் ஆசிரியர் இன்னொரு நாற்காலியில் காலை நீட்டிச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், வகுப்பை விட்டுட்டு இங்க உக்காந்திருக்கீங்க?"

"எந்த வகுப்பு? வியாழக்கிழமை கடைசிதான் நீங்களே எனக்கு விட்டுக் குடுத்துட்டீங்களே டீச்சர்!"

டீச்சர் சுவரில் மாட்டியிருந்த அட்டையின் முன் போய் நின்றார். ஒன்பது ஈ. வியாழன். ஏழு. அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. நாற்பது பிள்ளைகள், ஏழு வாரம், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இல்லாமல், இரண்டாம் மாடியில். யாராவது ஜன்னலில் ஏறியிருந்தால்? யாருக்காவது மயக்கம் வந்திருந்தால்? அட்டையின் முன்னாலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அது எப்படிப்பட்ட நேரம் என்பதையும் சொல்ல வேண்டும். துணைத் தலைமையாசிரியர் பதவிக்கு வந்த பட்டியலில் முதல் பெயர் அவருடையது. அடுத்த வாரம் கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். ஆளில்லாமல் ஒரு வகுப்பு இருந்தது என்று தெரிந்தால் பொறுப்பானவருக்கு மெமோ. மெமோ வாங்கியவருக்கு மூன்று ஆண்டுகள் பதவி உயர்வு இல்லை. இதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

மாலையில் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ரேடியோ காத்திருந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அன்றைக்கென்று அவளுடைய வாய் தந்தியடித்தது.

"டீச்சர், எங்க பேரைச் சொல்லிடுங்க, பரவாயில்ல. திட்டு வாங்கிக்குறோம். ஆனா அந்த பீரியட்டை மட்டும்..."

"...எடுக்காதீங்கன்னு சொல்லப் போற. எப்படிம்மா விட முடியும்? விளையாட்டா இது?"

"விளையாட்டு இல்ல டீச்சர். அடுத்த வாரம் டெய்லர் பொண்ணோட முறை."

தையல்காரர் மகளை டீச்சருக்குத் தெரியும். திக்குவாய். பள்ளிக்கு வந்த நான்கு ஆண்டுகளில் வகுப்பில் வாய் திறந்து பேசியதில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள். ஆசிரியர்களும் பாவம் என்று உட்காரச் சொல்லிவிடுவார்கள். டீச்சரும் அதைத்தான் செய்துவந்தார்.

"அவ பேசுறேன்னு சொன்னாளா?"

"நாங்க வேணாம்னா விட்டுடலாம்னுதான் சொன்னோம். அவதான் சீட்டு எழுதிக் குடுத்தா, என் முறையைத் தாண்டாதீங்கன்னு. ஏழு வாரமா வீட்டுல பழகிக்கிட்டு இருக்காளாம் டீச்சர். அவங்கப்பா தைக்கிற மெஷின் சத்தத்துல யாருக்கும் கேக்காதுன்னு அங்க நின்னு பழகுறாளாம்."

அன்று மாலை வீட்டில் அதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து டீச்சர் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஒரு துண்டுக் காகிதம்தானே? நாளைக்கு காலையில போனதும் ஒட்டிட்டு வா. யாருக்குத் தெரியப் போகுது? அந்த சார் சொல்லப் போறாரா, பசங்க சொல்லப் போறாங்களா?"

"ஒட்டினா அந்தப் பொண்ணோட முறை போயிடுமேங்க. சார் உள்ள வந்து ஒளிவிலகல் நடத்துவாரு."

"அப்ப ஒட்டாதே."

"ஒட்டலைன்னா, தெரிஞ்சே நாற்பது புள்ளைங்களை ஆளில்லாம விட்டவளா ஆயிடுவேன். இத்தனை நாளு தெரியாம விட்டேன். அதுக்கே மனசு ஆறல."

"பெரியவங்ககிட்ட சொன்னா?"

"பதவி போகும்."

கணவர் தட்டை எடுத்து வைத்துவிட்டு, "சரி, என்ன பண்ணாலும் நாளைக்கு காலையிலயே பண்ணிடு. தள்ளிப் போட்டா நீ தூங்க மாட்டே, என்னையும் தூங்க விட மாட்டே" என்றார். அது ஓர் ஆறுதல் என்று எடுத்துக்கொண்டார் டீச்சர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வாரக் கையெழுத்துக்காக அலுவலகத்தில் காத்திருந்த ஒன்பது ஈ பதிவேட்டை எடுத்துக்கொண்டு, தம் கைப்பட எழுதிய ஒரு பக்கக் கடிதத்தோடு தலைமையாசிரியர் அறைக்குப் போனார். அறிவியல் ஆசிரியரையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். தலைமையாசிரியர் கடிதத்தைப் படித்தார். அதில், "இந்தப் பிழை என்னுடையது மட்டுமே" என்று இருந்தது. அவர் முகம் வெளிறியது, பிறகு சிவந்தது.

"ஆய்வு வர்ற நேரத்துல இதை ஏன் டீச்சர் எழுத்துல குடுக்குறீங்க? ஏழு வாரம் ஏமாத்தியிருக்காங்க. நாற்பது பேரோட அப்பா அம்மாவையும் கூப்பிடுங்க. தலைவின்னு ஒருத்தி இருக்காளே, அவளை முதல்ல ஒரு வாரம் வெளியில நிறுத்துங்க."

"பசங்க ஏமாத்தல சார். எல்லாத்தையும் பதிவேட்டுல எழுதியிருக்காங்க." டீச்சர் பதிவேட்டைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு படித்துக் காட்டினார். "முதல் வாரம், ரத்தம் கொட்டுனா என்ன செய்யணும், நர்ஸ் பொண்ணு. ரெண்டாவது வாரம், காது கேக்காத தம்பிகிட்ட கையால பேசுறது எப்படி. மூணாவது, முடி வெட்டும்போது கத்தரியை எப்படிப் பிடிக்கணும், சலூன்காரர் பையன். நாலாவது, ஒரே வகுப்புல மூணாவது வருஷம் உக்காந்தா எப்படி இருக்கும்."

"அது யாரு?"

"வீட்டுல கஷ்டம்னு ரெண்டு வருஷம் பாதியில நின்னுட்டு வந்த பையன் சார். அன்னைக்கு வகுப்புல பாதிப் பேர் அழுதுட்டாங்கன்னு குறிப்புல இருக்கு. கீழ உங்க கையெழுத்து. முதல் வாரத்துல இருந்து போன வாரம் வரைக்கும் எல்லாத்துக்கும் கீழ உங்க கையெழுத்து இருக்கு சார்."

தலைமையாசிரியர் பதிவேட்டை வாங்கிப் பார்க்கக் கையை நீட்டினார், பாதியில் இழுத்துக்கொண்டார். "வேணாம், மூடுங்க" என்றார். பெற்றோரைக் கூப்பிடும் பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் மனிதர் பயந்தவர். யாரையாவது கேட்டாக வேண்டும் அல்லவா? அறிவியல் ஆசிரியரைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா சார், அந்த வகுப்பு காலியா இருக்குன்னு?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? எனக்கு ஃப்ரீன்னு போட்டிருந்துச்சு, இருந்துட்டேன்."

டீச்சர் பதிவேட்டை மூடிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார். "அந்த பீரியட்டை நானே எடுத்துக்குறேன் சார். சேர்த்துதான், எதையும் கழிக்க வேணாம். நான் கடைசி பெஞ்சுல உக்காந்துக்குறேன். பசங்க நடத்துறதை நடத்தட்டும்" என்றார். அறிவியல் பாடத்துக்கு விட்டுப்போன ஏழு பாடவேளையையும் தம்முடைய புவியியல் நேரத்திலிருந்து விட்டுக்கொடுத்தார். ஆய்வுக்கு வந்தவர்களிடமும் அந்தக் கடிதத்தையே காட்டினார்கள். பத்து நாளில் மெமோ வந்தது. பட்டியலில் முதல் பெயர் அடிக்கப்பட்டது. வேறு பள்ளியிலிருந்து ஒருவர் துணைத் தலைமையாசிரியராக வந்து, அந்த அறையில் திரை மாட்டினார். அன்று டீச்சர் ஆசிரியர் அறைக்கு வராமல் வரைபட அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார் என்பது எங்களுக்குத் தெரியும். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார். நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மெமோ வருவதற்கு முன்பே அந்த எட்டாவது வியாழக்கிழமை வந்தது. தையல்காரர் மகள் கரும்பலகையின் முன் போய் நின்றாள். கடைசிப் பெஞ்சில் டீச்சர். அந்தப் பெண் வாயைத் திறந்தாள். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. அறை முழுக்கக் காத்திருந்தது. அவள் சொல்ல வந்தது டீச்சருக்கு எப்போதோ புரிந்துவிட்டது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிள்ளைகள் அத்தனை பேரும் பேசாமல் இருக்க, தாம் பேசிவிடுவோமோ என்று பயந்து கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டார்.

"நா... நான்... சொல்றதை... நீங்க... முடிக்காதீங்க."

அதுதான் அவளுடைய பாடம். திக்கிப் பேசுகிறவர் பேசும்போது என்ன செய்யக் கூடாது என்று நான்கு விஷயம் சொன்னாள். முடித்து வைக்காதே. வேறு பக்கம் பார்க்காதே. மெதுவாகப் பேசு என்று சொல்லாதே. பாவம் என்று உட்கார வைக்காதே. இந்த நாலையும் சொல்லி முடிக்க முப்பத்தெட்டு நிமிடம் ஆயிற்று. மணி அடித்தும் ஒருவர்கூடப் பையை எடுக்கவில்லை. நாலும் தம்மைப் பார்த்துச் சொன்னவை என்று டீச்சர் எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் ஆசிரியர் அறையில் ஒருவர் "டீச்சர், எனக்கு திங்கக்கிழமை..." என்று இழுத்தபோது, டீச்சர் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். வந்தவருக்குத்தான் எப்படி முடிப்பது என்று தெரியாமல் போயிற்று.

அன்று முதல் இன்றுவரை பத்தொன்பது ஆண்டுகள், ஒன்பதாம் வகுப்பு ஈ பிரிவுக்கு வியாழன் கடைசிப் பாடவேளை அப்படியே நடக்கிறது. அட்டவணையில் அந்தக் கட்டத்தில் டீச்சரின் நீலத் துண்டு. மூன்று ஆண்டு கழித்துப் பதவி உயர்வு மறுபடி தேடிவந்தது, வேறு பள்ளிக்கு. "வியாழக்கிழமை வேலை இருக்கு" என்று எழுதி அனுப்பிவிட்டார். அலுவலகத்தில் அதைப் படித்தவர் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்.

இனி, மடல்களில் வழக்கமாக எழுதாத ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. பாராட்டுக்கு ஏதாவது விவரம் கிடைக்குமா என்று போன மாதம் அறிவியல் ஆசிரியர் பழைய பதிவேடுகள் கிடக்கும் அறைக்குப் போய்த் தூசியைத் தட்டி, அந்த ஆண்டு ஒன்பது ஈ பதிவேட்டைப் பிரித்தார். மூன்றாவது வாரம். பாடம்: கத்தரி பிடிக்கும் முறை. பக்கத்தில் குறிப்பு, ரேடியோவின் குண்டு எழுத்தில்: "அறிவியல் சார் ஜன்னல் வழியாகப் பார்த்தார். சிரித்தார். போய்விட்டார்." கீழே தலைமையாசிரியரின் கையெழுத்து.

ஆம். பார்த்தார். அந்த வகுப்பில் ஆள் இல்லை என்று மூன்றாவது வாரமே அவருக்குத் தெரியும். தெரிந்தும் கீழே வந்து தேநீர் குடித்தார். கேட்டபோது தெரியாது என்றார். அந்த வெள்ளிக்கிழமை காலை டீச்சர் அந்தப் பதிவேட்டை வரிக்கு வரி படித்துவிட்டுத்தான் வந்திருந்தார், குறிப்புகளையும் சேர்த்து. விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டியிருந்தால் மெமோவில் பாதி இவருக்கு வந்திருக்கும். ஒருவேளை பதவி அவருக்கு மிஞ்சியிருக்கும். பத்தொன்பது ஆண்டுகள் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே தேநீர்ப் பாத்திரத்திலிருந்து ஊற்றிக் குடித்து, அவர் அதைப் பற்றி ஒருநாள்கூட மூச்சு விடவில்லை.

அறிவியல் ஆசிரியர் நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டுப் போன திங்கட்கிழமை இன்றைய தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டார். டீச்சரின் பணிக் கோப்பில், அந்தப் பழைய கடிதத்தின் மேலேயே அது இப்போது இருக்கிறது. பிழை அவருடையது மட்டும் அல்ல. அடுத்த ஆண்டு அட்டவணையில் வியாழன் கடைசியைத் தமக்குக் கொடுக்கும்படியும் அவர் கேட்டிருக்கிறார். சேர்த்துதான், எதையும் கழிக்க வேண்டாம். இவரா கேட்கிறார் என்று அலுவலகத்தில் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்கள்.

கொடுப்பதற்கு முன் கடிதத்தை டீச்சரிடம் காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

"ஏன் டீச்சர் அன்னைக்கு சொல்லல? என்னைக் காப்பாத்தணும்னா?"

"அட நீங்க வேற. உங்க மேல எனக்கு ஒரு வருஷம் அவ்வளவு கோவம் இருந்துச்சு, தெரியுமா?"

"பின்ன?"

"சொல்லியிருந்தா அந்த பீரியட்டைத் திரும்ப உங்க தலையிலதான் கட்டியிருப்பாரு. எனக்கு அது வேணும்னு இருந்துச்சு சார். பதவியை விட."

அன்புச் சகோதரியே! ஆயிரமாயிரம் பிள்ளைகளின் ஆசானே! அறிவியல் ஆசிரியர் ஒருவரின் மனசாட்சியே! உங்கள் வீட்டில் இனி எல்லாக் கோடையிலும் காற்று தாராளமாக வீசட்டும்! கண்ணொளி குன்றாமல், கால் நோவாமல், கணவரோடும் மகளோடும் பேரப் பிள்ளைகளோடும் நீங்கள் நெடுங்காலம் நிறைவாய் வாழ வேண்டும் என்று நெஞ்சார வாழ்த்துகிறோம். வியாழக்கிழமைகளில் வேறு வேலை இல்லையென்றால், மூன்று மணிப் பேருந்தைப் பிடித்து வாருங்கள். ஒன்பது ஈ, இரண்டாம் மாடி, கடைசிப் பெஞ்ச். அங்கே உட்கார்ந்திருப்பவர் நகர்ந்து இடம் கொடுப்பார்.

இங்ஙனம்,
உங்களோடு பணியாற்றிய ஆசிரியர்களும் அலுவலர்களும்,
அவர்களுள் முதல் கையெழுத்தாக, அறிவியல் ஆசிரியர்.